பாயிண்டுக்குச் சொந்தக்காரர்

எடிசனைத் தெரியும், ஹென்றி ஃபோர்டைத் தெரியும். பழைய பெட்ரோல் வண்டியில் இருக்கிற பாயிண்ட், காயில், கண்டென்சர் இந்த மூன்றையும் சேர்த்து வழிக்குக் கொண்டு வந்தவரைத் தெரியுமா? அவர்தான் சார்லஸ் கெட்டரிங். இக்னிஷன் பாடம் படித்த நாளிலிருந்து எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

1876-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு, டெலிபோன் லைன் போடும் ஆட்களோடு வேலை பார்த்தார். ஆனாலும் மனுஷன் சோர்ந்து போகலை. மறுபடி சேர்ந்து 1904-ல் எலக்ட்ரிகல் பட்டம் வாங்கும்போது வயது 27! இரண்டு அரியர் விழுந்தாலே நமக்கு உலகம் இடிந்த மாதிரி இருக்கிறதே...

டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் கல்லாப் பெட்டிக்கு மோட்டார் வைத்தார். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், கொஞ்ச நேரம் பலமாக இழுத்தால் போதும். எனவே சின்ன மோட்டாரே போதுமானது. வேலை நேரம் போக, நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் கார் இக்னிஷனில் இறங்கினார். 1909-ல் டெல்கோ கம்பெனி பிறந்தது. 1910 மாடல் காடிலாக் காரில் அவரது இக்னிஷன் ஏறியது. 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதே கல்லாப் பெட்டிக் கணக்குதான்! கிராங்க் கம்பி திருப்பி அடித்துக் கை ஒடிந்த காலம் அதோடு மலையேறத் தொடங்கியது.

நம்ம ஊர் டிராக்டர் டீசல். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனால் 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு 8என் பெட்ரோல் டிராக்டரில் இருப்பது கெட்டரிங் முறைதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் பிரைமரியில் கரண்ட் ஓடும். திறந்த நொடியில் காந்தப்புலம் சரிந்து, செகண்டரியில் பல்லாயிரம் வோல்ட் எழும்பும். பாயிண்ட் பொறி விட்டுக் கருகாமல் காப்பது கண்டென்சர்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக் ஒயரைக் கழற்றி, கை படாமல் இன்ஜின் பாடிக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சுற்றுங்கள். நல்ல நீலப் பொறி வந்தால் அடுத்து பிளக்கையும் பெட்ரோல் வருகிறதா என்பதையும் பாருங்கள். பொறியே இல்லையென்றால் முதலில் காயிலுக்கு கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். அடுத்து பாயிண்ட் இடைவெளி. முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 0.015 அங்குலம், பக்கவாட்டில் இருந்தால் 0.025. பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரம் கருகினால் கண்டென்சர் மேல் சந்தேகப்படுங்கள். காயில் மாற்றுவது கடைசியில்தான். கண்டதையும் மாற்றினால் காசுதான் போகும்!

ஒன்றை மறைக்கக் கூடாது. 1921-ல் அவரது ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இன்ஜின் நாக்கிங்கை அடக்க பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழி பிறந்தது. தயாரித்த தொழிலாளர்கள் சிலர் விஷமேறி இறந்தும், அவர் அதை ஆதரித்தே பேசினார். இந்தியாவில் 2000-லும், உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-லும்தான் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் ஒழிந்தது.

1958-ல் அவர் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. நண்பர்களே, இன்ஜின் ஓடினால் மட்டும் நம்ம வேலை முடிந்ததா? புகைக்குழாய் வழியே என்ன போகிறது, அது யார் நெஞ்சுக்குள் போகிறது என்பதையும் பார்க்க வேண்டியவர்கள் நாம்தானே!