உயிரின் எழுத்தை வாசித்தவர்: டாக்டர் ஹர்கோவிந்த் குரானா

பிறந்த இடம் சிறிதாயினும் முயற்சி பெரிதாயின் மனிதன் உயர்வான் என்பதற்குச் சான்றாக வாழ்ந்து மறைந்தோர் பலர். அவர்களுள் ஒருவர் டாக்டர் ஹர்கோவிந்த் குரானா. சமயப் பெரியார் ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டிய மலரில் இரசாயன ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பற்றி எழுதுவதேன் எனப் பெரியோர் வினவக்கூடும். அவர் வாசித்த ஏடு நம் ஒவ்வொருவர் உடலிலும் எழுதப்பட்டிருக்கும் ஏடாகும். அதனை அறிந்தபின் தலையெழுத்து என்ற சொல்லை நாம் அத்தனை எளிதாகச் சொல்லமாட்டோம். ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

பஞ்சாப் மாகாணத்தில் முல்தானைச் சார்ந்த இராய்ப்பூர் என்னும் குக்கிராமம் அவர் பிறந்த ஊர். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. அவர் பிறந்த நாளைக்கூட எவரும் சரியாகக் குறித்து வைக்கவில்லை; பத்திரங்களில் 1922 ஜனவரி 9 என்று காணப்படுகிறது. ஐந்து பிள்ளைகளுள் அவரே கடைசி. தந்தையார் கண்பத் ராய் ஊரின் நிலவரிக் கணக்கை எழுதிவந்த கணக்கப்பிள்ளை. ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அநேகமாக அது ஒன்றே. வறுமையிருந்தும் பிள்ளைகளின் படிப்பைத் தந்தையார் நிறுத்தவில்லை. மகன் முதற்பாடம் கற்றது ஒரு மரத்தடியில். பின்னர் முல்தானில் ஆரிய சமாஜத்தார் வழிவந்த டி.ஏ.வி. பள்ளியிலும், இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1945இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றார். 1948இல் லிவர்பூல் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

இதற்கிடையில் 1947இல் தேசம் இரண்டாகப் பிரிந்தது. குரானா குடும்பத்தார் பிறந்த மண்ணை இழந்து அகதிகளாக டில்லி வந்து சேர்ந்தனர். சூரிச் நகரில் ஓராண்டு ஆராய்ச்சி செய்துவிட்டு 1949இல் தாயகம் திரும்பிய மகனுக்குத் தகுந்த உத்தியோகம் ஒன்றும் கிடைக்கவில்லை. கற்ற கல்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நிற்பதன் வேதனையை மலைநாட்டாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1948இல் சட்டமொன்றினால் பிரசாவுரிமையை இழந்து, பிறந்த நாட்டிலேயே அந்நியராகி நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்! குரானா மனந்தளராது மீண்டும் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தார். 1952இல் கனடாவின் வான்கூவர் நகரிலும், 1960இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது.

அங்கு அவர் செய்த பெருஞ்செயலை நம் தோட்டத்து வழக்கைக் கொண்டே விளக்கலாம். தோட்டத்தின் பேரேடு ஆபீசில் பத்திரமாக இருக்கும். அதனை எவரும் வெளியே எடுத்துச் செல்வதில்லை. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்புவர். நம் உயிர்க்கலமும் அவ்வாறே நடக்கிறது. கலத்தின் நடுவிலுள்ள கருவில் டி.என்.ஏ. என்னும் பேரேடு இருக்கிறது. அதிலிருந்து வேண்டிய பகுதி ஆர்.என்.ஏ. என்னும் துண்டாகப் பிரதி செய்யப்பட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்சாலை அத்துண்டை வாசித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதமாக்குகிறது. இரத்தத்தின் செந்நிறமும் தசையின் வலிமையும் இப்புரதங்களால் ஆனவை.

துண்டில் உள்ள எழுத்துக்கள் ஏ, ஜி, சி, யூ என நான்கே. கோக்கப்படும் அமினோ அமிலங்களோ இருபது. மும்மூன்று எழுத்தாகச் சேர்த்தால் 64 சொற்கள் வரும். எந்தச் சொல் எந்த அமிலத்தைக் குறிக்கும்? 1961இல் நீரன்பர்க் என்பாரும் மத்தாய் என்பாரும் யூயூயூ என்ற முதற்சொல்லின் பொருளைக் கண்டனர். எஞ்சியவற்றைக் காணக் குரானா தனிவழி வகுத்தார். தாம் விரும்பிய ஒழுங்கில் எழுத்துக்களைக் கோத்துத் துண்டுகளைத் தாமே செய்தார். யூசியூசியூசி என்று மாறி மாறி எழுதிய துண்டைக் கொடுத்தபோது, செரீன், லியூசீன் என்ற இரு அமிலங்கள் மாறி மாறிக் கோக்கப்பட்டு வந்தன. யூசியூ ஒரு சொல், சியூசி மற்றொரு சொல் என்பதும், மூன்று எழுத்தே ஒரு சொல் என்பதும் இதனால் உறுதிப்பட்டன. 1966 அளவில் அகராதி முழுமை பெற்றது: 61 சொற்கள் அமிலங்களைக் குறிப்பன, மூன்று சொற்கள் வேலையை நிறுத்தச் சொல்வன. 1968இல் நீரன்பர்க், ஹொலி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்துக் கௌரவித்தது.

அவர் அத்துடன் ஓயவில்லை. 1970இல் ஒரு பரம்பரை அலகு முழுவதையும் ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். அவர் செய்த மற்றொரு பரம்பரை அலகு உயிருள்ள பற்றீரியாவினுள் வேலை செய்ததை 1976இல் உலகம் கண்டது. கொள்ளைநோயின்போது, 2021இல், நம் நாட்டிலும் பலர் ஏற்றிக்கொண்ட ஃபைசர் தடுப்பூசி, கலத்திற்கு எழுதி அனுப்பிய ஓர் ஆர்.என்.ஏ. துண்டேயாகும். அவர்கள் வகுத்த அகராதி இல்லையேல் அத்துண்டை எழுதியிருக்க முடியாது. 2011 நவம்பர் 9இல், தமது 89ஆவது வயதில், அமெரிக்காவில் அவர் காலமானார்.

இளைஞர்காள்! இவ்வெழுத்தில் ஒன்று பிழைத்தாலும் துன்பம் வருவதுண்டு. ஜிஏஜி என்றிருக்க வேண்டிய ஓரிடத்தில் ஜியூஜி என்றமைந்தால் இரத்தத்தின் செங்கலம் அரிவாள் போல் வளைந்து நோயாகிறது. ஆயினும் இந்த அகராதி கொழுந்துச் செடிக்கும், அதனைக் கொய்யும் தாய்க்கும், தோட்டத்துத் துரைக்கும் ஒன்றே. அதில் உயர்ந்த குலத்திற்கென ஒரு சொல்லும் லயத்தில் பிறந்தவனுக்கென வேறு சொல்லும் இல்லை. எந்தப் புரதத்தைச் செய்வது என்று அது சொல்லும். எவன் படிக்கலாம், எவன் படிக்கலாகாது என்று அதில் எழுதியிருக்கவில்லை. சாதாரணதரம் முடியுமுன்னரே கொழும்புக் கடைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவன் தலையெழுத்து என்று நாம் ஆறுதல் கூறிக்கொள்கிறோம். மரத்தடியில் படிக்கத் தொடங்கியவன் உயிரின் எழுத்தையே வாசித்தான் என்றால், அதற்கு முதற்காரணம் ஏழைக் கணக்கப்பிள்ளையான ஒரு தந்தை பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாததே. இறம்பொடைப் பெற்றோரும் நம் சங்கத்தாரும் அதனை மனத்திற் கொள்வாராயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும்.