வீட்டுக்குப் பத்து ஷில்லிங் – ஜான் ரீத் வாழ்க்கை



எங்க வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளே ஒரு பழைய சின்னப் புத்தகம் இருக்கிறது. தபால் ஆபீஸ் முத்திரை குத்திய ரேடியோ லைசென்ஸ் அது. தறி நெய்த எங்க தாத்தாவுடையது. ரேடியோப் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது, அதைக் கேட்கவும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்றிருந்த காலம்! காற்றில் வருகிற பாட்டுக்குக் காசா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாயி சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத தாத்தா, தறியில் உட்கார்ந்தபடியே மோகனம், கல்யாணி என்று ராகம் சொல்வாராம். அதெல்லாம் அந்தப் பெட்டி கற்றுக் கொடுத்தது என்று அப்பாயி சொன்னாங்க.

இந்தக் கட்டண முறையை யார் நிலைநிறுத்தினார்கள் என்று தேடிப் போனபோதுதான் ஜான் ரீத் என்ற மனிதரைச் சந்தித்தேன். அவரும் நம்மைப் போலப் பட்டறையில் கை கறுத்தவர் என்பதால் நமது மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

பட்டறையில் போதகர் மகன்

1889 ஜூலை 20-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஸ்டோன்ஹேவன் என்ற கடலோர ஊரில் பிறந்தார் ரீத். தந்தை கிறிஸ்தவ சபைப் போதகர். ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. பல்கலைக்கழகம் போக ஆசை இருந்தும், ஒரு தொழில் கற்றுக்கொள் என்று தந்தை கிளாஸ்கோ நகரில் ரயில் என்ஜின் கட்டும் தொழிற்சாலையில் சேர்த்து விட்டார். பெயர் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி. நம்ம பாஷையில் சொன்னால் அப்ரண்டிஸ்! பட்டறை வேலையோடு டெக்னிகல் காலேஜிலும் படித்தார். ஆறரை அடி உயரம். மனசுக்குள்ளே பட்டம் படிக்க முடியாத ஏக்கம். அந்த ஏக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. ரீத் பட்டாளத்தில் சேர்ந்தார். 1915 அக்டோபரில் பிரான்சில் போர்முனையில் துப்பாக்கிக் குண்டு கன்னத்தைக் கிழித்தது. உயிர் தப்பியது, தழும்பு நிலைத்தது. பிறகு அமெரிக்காவில் பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் வேலை. திரும்பி வந்து ஒரு தொழிற்சாலையில் மேனேஜர்.

என்னவென்றே தெரியாத வேலை

1922-இல் ஒரு பத்திரிகை விளம்பரம். பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர் தேவை. ரீத் விண்ணப்பம் போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒலிபரப்பு என்றால் என்ன என்றே அவருக்கு அப்போது தெரியாது! ஆனாலும் வேலை கிடைத்தது. வயது 33. ரேடியோப் பெட்டி செய்து விற்கும் மார்க்கோனி போன்ற நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி அது. ஊழியர்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

அதே 1922-இல் அமெரிக்காவில் நியூயார்க் வானொலி ஒன்று காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பிரிட்டன் வேறு வழியில் போனது. ரேடியோ வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தபால் இலாகாவுக்கு வருஷம் 10 ஷில்லிங், அதாவது அரை பவுன், லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டும். முதலில் அதில் பாதி ஒலிபரப்புக் கம்பெனிக்கு வந்தது.

காசு யார் கொடுப்பது?

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். விளம்பரதாரர் காசு கொடுத்தால் அவருக்கு வேண்டியது கூட்டம். ஒரே நேரத்தில் லட்சம் பேர் கேட்கும் நிகழ்ச்சிதான் அவருக்கு லாபம். ஆயிரம் பேர் மட்டும் கேட்கும் சரித்திரச் சொற்பொழிவுக்கோ, நாலு பேர் வாசிக்கும் சங்கீதத்துக்கோ அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். அரசாங்கம் நேராகக் காசு கொடுத்தால் கொடுத்த கை சும்மா இருக்காது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி, கேட்பவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுவது.

நமது சங்க சந்தாவை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரே தொகை. அதில்தான் இந்த மலர் அச்சாகிறது. ஒருவர் கவிதை படிப்பார், ஒருவர் ஜோக் மட்டும் படிப்பார், இன்னொருவர் தன் போட்டோ எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பார்! ஆனாலும் எல்லாப் பக்கமும் அச்சாகிறதே! ரீத் தனது ஒலிபரப்பை நடத்தியதும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே 10 ஷில்லிங் என்பது நியாயமா? மாளிகைக்காரருக்கு அது சில்லறை. சுரங்கத் தொழிலாளிக்கு அது வயிற்றுப்பாடு. ஆகவே அந்தப் பணத்துக்கு மிக உயர்ந்ததைத் திருப்பித் தருவது கடமை என்று ரீத் நினைத்தார். கச்சேரி மண்டபத்துக்கு டிக்கெட் வாங்க முடியாதவன் வீட்டுக்குக் கச்சேரியே போக வேண்டும் என்பது அவர் கொள்கை.

பத்து ஷில்லிங் வாங்கித் தந்தது

1924-இல் பள்ளிகளுக்கான ஒலிபரப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர் வால்ஃபோர்ட் டேவிஸ் என்ற இசை அறிஞர். 1925-இல் டேவன்ட்ரி என்ற இடத்தில் 25 கிலோவாட் நீண்ட அலை டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கவனிக்க, அலைநீளம் 1600 மீட்டர்! பேட்டரி கூட இல்லாத கிரிஸ்டல் செட் வைத்திருந்த கிராமத்துக்காரனுக்கும் தலைநகரத்துச் சங்கீதம் கேட்டது.

1927 ஜனவரி 1-இல் கம்பெனி போய், அரச சாசனத்தின் கீழ் பொதுக் கழகமாக பி.பி.சி. பிறந்தது. ரீத் அதன் முதல் டைரக்டர் ஜெனரல். 1895 முதல் லண்டனில் நடந்துவந்த பிராம்ஸ் இசைவிழாவை நடத்திய நிறுவனம் கைவிட்டபோது, அதே 1927-இல் பி.பி.சி. அதை ஏற்று நடத்தியது. 1930-இல் ஏட்ரியன் போல்ட் தலைமையில் சொந்த சிம்பொனி இசைக்குழுவும் அமைந்தது. 1927-இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த லைசென்ஸ்கள், 1938-இல் 80 லட்சத்தைத் தாண்டின. அத்தனை வருஷமும் கட்டணம் அதே 10 ஷில்லிங்தான். 1946-இல்தான் ஒரு பவுனாக உயர்ந்தது.

ஒன்பது நாள் சோதனை

ரீத்தை ஒரேயடியாகப் புகழ்ந்தால் உண்மைக்கு மாறாகி விடும். 1926 மே மாதம் பிரிட்டனில் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம். பத்திரிகைகள் முடங்கிப் போயின. செய்திக்கு ரேடியோதான் கதி. வானொலியை அரசே கைப்பற்ற வேண்டும் என்று அமைச்சர் சர்ச்சில் வற்புறுத்தினார். ரீத் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டை அந்த நாட்களில் பேச விடவும் இல்லை! அரசைப் பகைத்தால் எல்லாமே போய்விடும் என்ற பயம். லைசென்ஸ் கட்டிய தொழிலாளிகளின் குரல் அவர்கள் காசில் நடந்த ரேடியோவிலேயே வரவில்லை. இது அவர் மேல் விழுந்த கறை.

இன்னும் உண்டு. டேவன்ட்ரிக்குத் திட்டம் தந்த தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி, விவாகரத்து விவகாரத்தால் 1929-இல் வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வழிபாடும் கனமான இசையும்தான். அலுத்துப்போன ஜனங்கள் 1930-களில் ரேடியோ லக்சம்பர்க் பக்கம் ஊசியைத் திருப்பி, விளம்பரத்தோடு நடன இசை கேட்டார்கள். ஹிட்லரையும் முசோலினியையும் மெச்சி ரீத் தன் டைரியில் எழுதியதும் பின்னாளில் தெரிய வந்தது. ஜனங்களுக்கு நல்லது எது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாரே தவிர, ஜனங்களைக் கேட்கவில்லை.

நம்ம ஊர் வரை

அவர் கை நம் நாடு வரை நீண்டது. சென்னையில் 1924-இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ரேடியோ கிளப் தொடங்கியது. ஆனால் பணமில்லாமல் 1927-இல் மூடி, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்து விட்டார்கள். ஆசை மட்டும் இருந்தால் ஒலிபரப்பு நிற்காது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1935-இல் பி.பி.சி.யிலிருந்து லயனல் ஃபீல்டன் இந்தியா வந்து ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தினார். 1936-இல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. 1938 ஜூன் 16-இல் சென்னை நிலையம், 1939 மே 16-இல் திருச்சி நிலையம். இங்கே அது அரசாங்கத்தின் இலாகாவாகவே வளர்ந்தது என்பது பெரிய வித்தியாசம். ஆனால் லைசென்ஸ் முறை ஒன்றுதான். 1980-களில்தான் இங்கே அது நீக்கப்பட்டது.

சென்னை நிலையம் திறந்த அதே 1938 ஜூன் மாதக் கடைசியில் ரீத் பி.பி.சி.யை விட்டு விலகினார். விமானக் கம்பெனி, மந்திரி பதவி, பிரபு பட்டம் எல்லாம் வந்தன. எதிலும் மனம் நிறையவில்லை. 1942-இல் சர்ச்சில் அவரை மந்திரிசபையிலிருந்து நீக்கினார். 1948-இல் பி.பி.சி. அவர் பெயரில் வருடாந்தரச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. பட்டம் படிக்க ஏங்கியவர் பெயரில் அறிஞர்கள் பேசினார்கள்! 1971 பிப்ரவரியில் பிரிட்டனில் ரேடியோவுக்கென்று இருந்த தனி லைசென்ஸ் ஒழிந்தது. அதே வருஷம் ஜூன் 16-இல் எடின்பரோவில் ரீத் காலமானார்.

நண்பர்களே! ரீத் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. எங்க தாத்தா போன்றவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுக்காக முடிவெடுத்தவர் அவர். ஆனால் தறிக்காரனுக்கும் சுரங்கக்காரனுக்கும் நல்ல சங்கீதம் எதற்கு என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. அந்த ஒரு எண்ணத்துக்காகவே அவருக்கு வணக்கம் சொல்லலாம். லாபம் தராத பாட்டுக்கும் சரித்திரத்துக்கும் எல்லோரும் கொஞ்சம் போட வேண்டும். போட்டவர்களுக்குப் பேசவும் இடம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

தாத்தா கட்டின காசில் எந்த வித்வானுக்கு எத்தனை பைசா போச்சோ தெரியாது. தறிச் சத்தத்துக்கு நடுவே கல்யாணி எங்க வீட்டுக்கு வந்தது மட்டும் நிஜம். அந்தப் புத்தகத்தை இனிமேல் நானும் பத்திரமாக வைத்திருப்பேன்.

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு