அர்ப்பணமான வாழ்வு: சகோதரி நிவேதிதை

ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். முன்னொரு மழைக்காலத்தில் இந்நகரில் டெங்குக் காய்ச்சல் பரவியது. விடுதிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று, தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்க்கவும், மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் மாணவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். கை தூக்கியவர் சிலரே. நான் தூக்கவில்லை. தேர்வு நெருங்குகிறது என்றேன். வங்கமொழி சரியாகப் பேச வராது என்றேன். உண்மையில் என் மனத்தில் இருந்தது வேறு: இது நம் ஊர் அன்றே, நமக்கென்ன என்ற எண்ணந்தான்.

அந்த எண்ணம் எவ்வளவு சிறியது என்பதைப் பின்னர் பாக்பஜாரின் குறுகிய சந்து ஒன்று எனக்குக் கற்பித்தது. போஸ்பாரா சந்து என்பது அதன் பழைய பெயர். அங்கே ஒரு வீடு நினைவில்லமாகப் போற்றிக் காக்கப்படுகிறது. கடல் கடந்து வந்த ஒரு பெண்மணி அங்கே வாழ்ந்தார். இந்நகர் அவருக்கும் பிறந்த ஊர் அன்று.

மார்கரெட் எலிசபெத் நோபிள் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள டங்கானன் என்னும் ஊரில் 1867 அக்டோபர் 28-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சமயப் போதகர். ஏழைகளுக்கு உழைத்து உடல் தேய்ந்து, முப்பத்து நான்காம் வயதிலேயே மறைந்தார். மார்கரெட்டுக்கு அப்போது வயது பத்து. தந்தை விட்டுச் சென்ற சொத்து தொண்டுள்ளம் ஒன்றே.

பதினேழாம் வயதில் அவர் ஆசிரியையானார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ரெக்ஸ்ஹாம் நகரில் பணியாற்றியபோது பாடம் சொல்லிக்கொடுத்த நேரம் போக, எளியவர் வீடுகளைத் தேடிச் சென்று உதவினார். பின்னர் லண்டனை அடுத்த விம்பிள்டனில் தாமே ஒரு பள்ளி நடத்திக் கல்வியாளர் நடுவே நற்பெயர் பெற்றார். 1895 நவம்பரில் லண்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் சுவாமி விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். உடனே பணிந்துவிடவில்லை, ஐயங்களை எழுப்பினார், வாதிட்டார். ஈராண்டு சிந்தித்த பிறகே இந்தியாவுக்கு வர முடிவு செய்தார். சுவாமிகளும் அவருக்கு ஆசை வார்த்தை காட்டவில்லை. வெயிலின் கொடுமையையும், மக்களின் வறுமையையும், வெள்ளையர் அவரைப் பித்துப் பிடித்தவர் என்பர், நம்மவர் அவரை நம்பத் தயங்குவர் என்பதையும் முன்கூட்டியே எழுதி எச்சரித்தார்.

எச்சரிக்கையைப் படித்த பிறகும் புறப்பட்டு வந்தாரே, அங்கேதான் அவருடைய பெருமை தொடங்குகிறது! 1898 ஜனவரி 28-இல் கல்கத்தாவில் கப்பலிலிருந்து இறங்கினார். மார்ச் 25-இல் தீட்சை பெற்றார். நிவேதிதை, அதாவது அர்ப்பணிக்கப்பட்டவள், என்ற பெயர் அன்று கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 13-இல், காளி பூஜை நாளன்று, அன்னை சாரதா தேவியாரின் ஆசியுடன் போஸ்பாரா சந்தில் சிறுமியருக்காக ஒரு பள்ளி திறந்தார்.

பள்ளி திறந்து சில மாதங்களிலேயே பிளேக் வந்துவிட்டது.

அந்தக் கொள்ளைநோயின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். 1894-இல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக் 1896-இல் பம்பாயில் நுழைந்தது. 1897-இல் புனேயில் அதிகாரிகள் வீடுகளில் புகுந்து நடத்திய சோதனை மக்களைக் கொதிக்கச் செய்தது. 1898-இல் கல்கத்தாவிலும் நோய் தலைகாட்டியபோது, நோயைவிட வதந்தியே வேகமாகப் பரவியது. பிடித்துக்கொண்டு போவார்கள், கட்டாய ஊசி போடுவார்கள் என்று அஞ்சி மக்கள் கூட்டங் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். நோய் கண்டவரை உறவினரே மறைத்தார்கள். அப்போதே சுவாமி விவேகானந்தர் மக்களுக்கு ஆறுதல் கூறும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பணம் போதாவிட்டால் மடத்துக்கென்று வாங்கிய நிலத்தையும் விற்கத் துணிந்திருந்தார்.

1899 மார்ச்சில் நோய் மீண்டும் மூண்டது. இராமகிருஷ்ண மிஷன் ஒரு குழு அமைத்தது; செயலாளர் நிவேதிதை, களப்பணித் தலைவர் சுவாமி சதானந்தர். மார்ச் 31-இல் வேலை தொடங்கியது. பாக்பஜார், சியாம்பஜார் பகுதிகளின் சேரிகளில் குவிந்து கிடந்த குப்பையை வண்டி வண்டியாக அகற்றினார்கள். சதானந்தர் துப்புரவுத் தொழிலாளரோடு தாமும் ஒருவராக நின்று உழைத்தார். பணம் வேண்டி நிவேதிதை பத்திரிகைகளின் வாயிலாக வேண்டுகோள் விடுத்தார்.

குப்பை அகற்றுவதால் பிளேக் போகுமா என்று மருத்துவம் பயிலும் நண்பர் கேட்கலாம். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கண்டறிந்தார். ஆனால் அறிஞர் உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே நிவேதிதையின் குழுவினர் நோயின் வழியை முழுதும் அறிந்து செயல்பட்டவரல்லர். ஆயினும் குப்பை இருக்கும் இடத்தில்தான் எலி பெருகும். தவிர, அவர்கள் அகற்றியது குப்பை மட்டுமன்று, அச்சத்தையும் அகற்றினார்கள். அதிகாரி வந்தால் கதவு மூடும். அண்டை வீட்டார் வந்தால் திறக்கும். தொண்டர் செய்யும் வேலையின் இரகசியம் இதுதான்.

ஒருநாள் சந்தைப் பெருக்க ஆள் கிடைக்கவில்லை. நிவேதிதை ஒருவரிடமும் முறையிடவில்லை. தாமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வெள்ளைக்காரப் பெண்மணி நம் தெருவைக் கூட்டுகிறாரே என்று திண்ணையில் இருந்த இளைஞர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். பின்னர் ஓடிவந்து துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியை டாக்டர் ராதா கோவிந்த கர் நினைவுகூர்ந்திருக்கிறார். பாக்பஜார் சேரியில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் கண்டிருந்தது. வெயில் கொளுத்தும் நண்பகலில் டாக்டர் வீடு திரும்பியபோது, அந்தப் பையனின் நிலையை விசாரிக்க நிவேதிதை அங்கே காத்திருந்தார். பிழைப்பது அரிது என்று அறிந்துகொண்டார். மாலையில் டாக்டர் அந்தக் குடிசைக்குச் சென்று பார்த்தால், ஈரம் கசியும் அந்த இடத்தில் சிறுவனை மடியில் கிடத்திக்கொண்டு அவர் அமர்ந்திருக்கிறார்! இரவு பகலாக அங்கேயே தங்கினார். குடிசையைச் சுத்தி செய்ய வேண்டியிருந்தது; சிறு ஏணி ஒன்றில் ஏறித் தாமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சாவு உறுதி என்று தெரிந்தும் பணிவிடை தளரவில்லை. இரண்டு நாளில் அந்தக் குழந்தை அவர் அணைப்பிலேயே கண்மூடியது. பாலும் பழமுமே தமக்கு உணவாக இருந்த நாளில், ஒரு நோயாளியின் மருந்துச் செலவுக்காகப் பாலையும் நிறுத்திவிட்டார் என்று அந்த டாக்டர் கூறியுள்ளார்.

இந்த ஏட்டைப் படிக்கும் நமக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. 1899 ஏப்ரலில் கிளாசிக் நாடக அரங்கில், பிளேக் நோயும் மாணவர் கடமையும் என்ற பொருள்பற்றி நிவேதிதை பேசினார். விவேகானந்தர் தலைமை தாங்கினார். பேச்சு முடிந்ததும் தொண்டுக்கு முன்வந்த மாணவர் ஏறத்தாழ பதினைந்து பேர். இவ்வளவு பெரிய நகரில், அவ்வளவு பெரிய பேச்சாளர்கள் அழைத்தும், பதினைந்தே பேர்! இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஓர் ஆறுதல் தோன்றியது: அன்றும் என்னைப் போன்றவர்களே மிகுதி. அடுத்த நொடியே அந்த ஆறுதலுக்காக நாணினேன். ஏனெனில் அந்தப் பதினைவர் எண்ணிக்கை பார்த்துத் திரும்பிவிடவில்லை. குடிசை குடிசையாகச் சென்று துப்புரவைப் பற்றிய துண்டறிக்கைகளைக் கொடுத்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள், ஞாயிறுதோறும் கூடி, செய்த வேலையை நிவேதிதையிடம் கூறினார்கள்.

பின்னைய வாழ்வைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பள்ளிக்குப் பொருள் திரட்ட 1899 ஜூனில் மேல்நாடு சென்று, 1902-இல் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 4-இல் குரு மறைந்தார். அரசியலில் ஈடுபட விரும்பியதால், மிஷனுக்குத் தம்மால் இடர் வரலாகாதென்று அதிலிருந்து முறைப்படி விலகினார், அன்பிலிருந்து விலகவில்லை. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் நூல்கள் உருவாக உறுதுணையாக இருந்தார். 1906-இல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது, படகிலும் நீரில் நடந்தும் ஊர் ஊராகச் சென்றார். அங்கே தொற்றிய மலேரியா அவர் உடலை உலுக்கியது. 1911 அக்டோபர் 13-இல் டார்ஜிலிங்கில், நாற்பத்து நான்கு வயது நிரம்புமுன் மறைந்தார். எஞ்சிய உடைமையையும் பெண்கல்விக்கே எழுதிவைத்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

அவரைக் குறையே இல்லாத தெய்வமாக்க நான் விரும்பவில்லை. அவருக்கு முன்கோபம் உண்டு. தம் கொள்கையில் பிடிவாதம் உண்டு. தம்மை வென்று வென்றே அவர் தொண்டரானார். அதனால்தான் நம்மைப் போன்றவர்க்கும் அவர் வழிகாட்டியாக முடிகிறது.

தமிழருக்கும் அவருக்கும் உள்ள உறவை நீங்கள் அறிவீர்கள். காங்கிரஸ் மாநாட்டையொட்டி வடக்கே வந்த நம் பாரதியார், தம்தம்மில் அவரைக் கண்டு குருவாக ஏற்றார். 1908-இல் வந்த ஸ்வதேச கீதங்களையும் 1909-இல் வந்த ஜன்ம பூமியையும் அவருக்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலையைப் பாரதியார் அத்துணை உரத்துப் பாடியதில் அந்தச் சந்திப்புக்குப் பெரும் பங்குண்டு. பாரதி விழாவை ஆண்டுதோறும் எடுக்கும் நாம், அவர் குருவாகக் கொண்டவர் இந்நகரின் தெருவைக் கூட்டியவர் என்பதை மறக்கலாமா?

நண்பர்களே! மொழி தெரியாது என்று நான் சொன்னேன். நிவேதிதைக்கும் இங்கு வந்திறங்கியபோது வங்கமொழி தெரியாது. வெளியூரான் என்று எண்ணினேன். அவரோ வெளிநாட்டார், அதிலும் ஆளுகின்ற இனத்தவர் என்று மக்கள் ஐயுற இடமிருந்தவர். என் சாக்குகள் எல்லாம் அந்தச் சந்திலேயே உதிர்ந்துவிட்டன. நான்கு ஆண்டு இந்நகரின் சோற்றை உண்டு, நீரைக் குடித்து, பட்டம் பெற்றுப் போகும் நமக்கு இந்நகர் வெறும் சத்திரம் ஆகாது.

மழைக்காலம் மறுபடியும் வரும். விடுதிக்குப் பின்னால் உள்ள வீடுகளின் வாளிகளிலும் உடைந்த சட்டிகளிலும் நீர் தேங்கும். அழைப்பு வரும்போது கை தூக்குவோர் வரிசையில் இம்முறை நான் இருப்பேன். என் அருகே நின்று நீங்களும் கை தூக்குவீர்களானால், பதினைந்து என்ற அந்த எண்ணை நாம் எளிதில் தாண்டிவிடலாம்.