போதிதருமரும் உள்வலியும்

கடல் கடந்து சென்று பிறநாட்டு மக்களின் உள்ளத்திலே கோயில் கொண்ட பெரியோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் போதிதருமர். சீனர் அவரை டாமோ என அழைப்பர். யப்பானியர் தாருமா என்பர். யப்பானிலே தாருமா பொம்மை பெயர்போனது. எத்தனை முறை சாய்த்தாலும் அது தானே நிமிர்ந்து நிற்கும். பாரம் முழுவதும் அடியிலே தங்கியிருப்பதே அதற்குக் காரணம். அப்பெரியாரின் வரலாற்றையும், அவர் பெயரோடு பிணைந்துள்ள உள்வலிப் பயிற்சியையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

போதிதருமர் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். அவர் போதனையை எழுதிவைத்த தான்லின் என்பார், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மைந்தர் என்று குறித்தார். 645ஆம் ஆண்டளவில் தாவோசுவான் இயற்றிய துறவியர் வரலாறு, அவரைத் தென்னிந்திய அந்தணர் குலத்தவர் என்கின்றது. 547இல் யாங் சுவான்சி லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலோ அவரைப் பாரசீகத்தவர் என்கின்றது. காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னரின் புதல்வர் என்னும் வழக்குப் பிற்காலத்தது. தமிழராகிய நமக்கு அவ்வழக்கு இனிக்கின்றது. ஆயினும் இனிமை வேறு, சான்று வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

யாங் சுவான்சியின் நூலிலே போதிதருமர் ஒரு முதியவராகத் தோன்றுகின்றார். லோயாங்கிலிருந்த யொங்நிங் கோயிலின் வானளாவிய கோபுரத்தைக் கண்டு, நாட்கணக்காகக் கைகூப்பிப் போற்றி நிற்கின்றார். அக்கோபுரம் 516இல் எழும்பி 534இல் எரிந்து போயிற்று. ஆகவே அவர் அந்நகரில் இருந்த காலமும் அவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதே.

தெற்கே லியாங் நாட்டை 502 முதல் 549 வரை ஆண்ட வூ பேரரசரை அவர் சந்தித்த கதையைப் பிற்கால நூல்கள் விரித்துரைக்கும். தாம் கட்டிய கோயில்களாலும் செய்த தானங்களாலும் எவ்வளவு புண்ணியம் கிட்டும் என்று பேரரசர் வினவினாராம். சிறிதும் இல்லை என்று துறவி விடையிறுத்தாராம். அரசவையிலே அஞ்சாது அவ்விதம் கூறிவிட்டு, யாங்சி ஆற்றைக் கடந்து வடநாடு சென்றார் என்பது கதை.

வடக்கே சோங் மலைச் சாரலில் சாவோலின் மடம் இருக்கின்றது. 495இல் நிறுவப்பட்ட அம்மடத்தின் முதல் தலைவரும் இந்தியாவிலிருந்து வந்த துறவியே. அம்மலையிலுள்ள குகையொன்றில் போதிதருமர் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது மரபு. பழைய நூல்களிலோ சுவர்த் தியானம் என்ற சொல் மட்டுமே காணப்படுகின்றது. வெளியே உள்ள சுவரைப் பார்த்தல் என்பதைவிட, உள்ளமே சுவரைப்போல அசையாது நிற்றல் என்று அதற்குப் பொருள் கொள்வார் பலர்.

அவர் கற்பித்தவற்றுள் நால்வகை ஒழுக்கம் முதன்மையானது. துன்பம் வந்தால் அது தன் பழவினையெனப் பொறுத்தல் ஒன்று. இன்பதுன்பங்கள் வந்து போவன என உணர்ந்து நிலைகுலையாதிருத்தல் இரண்டு. எதையும் நாடி ஓடாமை மூன்று. அறத்தோடு இசைந்து ஒழுகுதல் நான்கு. தம் சீடர் ஹுய்கேயிடம் அவர் ஒப்படைத்த நூல் இலங்காவதார சூத்திரம். புத்தர் நம் இலங்கைக்கு எழுந்தருளி உபதேசித்ததாக அமைந்தது அது. அதன் விரிந்த பாடத்திலே இராவணனே அவரை எதிர்கொண்டு அழைக்கின்றான். போதிதருமர் வழிவந்த தியான மரபே சீனத்தில் சான் என்றும் யப்பானில் சென் என்றும் தழைத்தது.

அவ்வாறாயின் போர்க்கலையோடு அவருக்கு யாது தொடர்பு? சாவோலின் துறவியர் 621இல் தாங் அரசகுலத்தின் பக்கம் நின்று போரிட்டதைக் கல்வெட்டுக் கூறும். ஆனால் அவர்கள் போதிதருமரிடம் போர்க்கலை கற்றதாகப் பண்டைய நூல் எதுவும் கூறவில்லை. அம்மடத்தின் புகழ்பெற்ற தடிவித்தையைக்கூடக் கின்னரர் என்னும் காவல்தெய்வமே தந்ததாகத் துறவியர் நம்பினர். 1624ஆம் ஆண்டைத் தாங்கி வெளிப்பட்ட தசைநார் மாற்று நூலே, உடலை உள்ளிருந்து உறுதியாக்கும் பயிற்சிகளை முதன்முதலில் போதிதருமர் பெயரில் ஏற்றியது. அதன் முன்னுரைகள் போலியானவை என்றும், பயிற்சிகள் சீனத் தாவோ மரபினரின் மூச்சுப் பயிற்சியிலிருந்து வந்தவை என்றும் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர்.

புறவலி, உள்வலி என்னும் பாகுபாடும் அக்காலத்ததே. 1669இல் ஹுவாங் சொங்சி எழுதிய கல்லறைக் குறிப்பொன்று, சாவோலின் முறையைப் புறநெறி என்றும், அசைவின்மையால் அசைவை வெல்லும் வேறொரு முறையை அகநெறி என்றும் பிரித்தது. பிற்காலத்தில் சிங்யி, பாகுவா, தைச்சி என்னும் மூன்று கலைகளும் அகநெறியைச் சேர்ந்தனவாகப் போற்றப்பட்டன. இம்மூன்றிலும் வல்லவராய் விளங்கிய சுன் லூதாங் 1933இல் மறைந்தார்.

உள்வலியை வளர்க்கும் முறைதான் யாது? முதற்பாடம் நிற்றல். பாதங்களை நன்கு ஊன்றி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, முள்ளந்தண்டை நிமிர்த்தி, தோள்களைத் தாழ்த்தி அசையாது நிற்றல் வேண்டும். சில நிமிடங்களிலேயே தொடை நடுங்கும், தோள் கனக்கும், மனம் அங்குமிங்கும் ஓடும். வேண்டாத விறைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வந்தால், மூச்சு நெஞ்சை விட்டிறங்கி அடிவயிற்றிலே அமைதியாக இயங்கும். தாருமா பொம்மையிற்போல உடலின் பாரமும் அடியிலே சேரும்.

அதன் பின்னரே அசைதல். காலிலே பிறந்த விசை இடுப்பிலே திரும்பி, முதுகினூடும் தோளினூடும் சென்று கையிலே வெளிப்படும். கை மாத்திரம் அடிப்பதற்கும் உடல் முழுவதும் ஒன்றாய் நின்று அடிப்பதற்கும் உள்ள வேற்றுமையே உள்வலியின் இரகசியம். இதில் மந்திரமோ மாயமோ இல்லை. சுன் லூதாங் தம் ஆசிரியர் குவோ யுன்சென்னின் போதனையை மூன்று படிகளாக எழுதிவைத்தார். என்பை மாற்றுதல், தசைநாரை மாற்றுதல், மச்சையைக் கழுவுதல் என்பன அவை. முதற்படியில் வலிமை வெளிப்படையாய்த் தோன்றும். இரண்டாவதில் மறைந்து நிற்கும். மூன்றாவதில் முயற்சியின்றியே இயங்கும். பின்னிரு படிகளின் பெயர்களும் போதிதருமர் பெயரால் வழங்கும் நூல்களை நினைவூட்டுவன.

2011இல் ஏழாம் அறிவு திரைப்படம் வெளிவந்த பின்னர், சீனப் போர்க்கலை யாவும் தமிழரின் கொடையே என்று நம் இளைஞர் பலர் பேசக் கேட்கின்றோம். சீன மக்கள் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தி வளர்த்த கலையை ஒரு பெயரைக் காட்டி நமதாக்கிக் கொள்ளுதல் நீதியாகுமா? போதிதருமரின் உண்மைப் பெருமைக்கு அந்த இரவல் ஆடை வேண்டுவதில்லை. ஓடும் மனத்தைச் சுவர்போல நிறுத்த வழிகாட்டினார் என்பதே போதும். அந்நிலை வாய்க்காதவர்க்கு உள்வலியின் முதற்பாடமாகிய நிற்றலும் கைகூடாது.

நமது கரையோரத் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் சீனடியும் சிலம்படியும் வழிவழியாகப் பயிலப்பட்டு வந்தன. பெயரிலேயே சீனத்தை நினைவூட்டும் அக்கலையைப் பழகுவோர் இன்று அருகி வருகின்றனர். அதை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் முற்றத்துக்குச் சென்று வணங்கிக் கற்போமாக. தினமும் கால்மணி நேரமாவது அசையாது நின்று பழகுவோமாக. முன்னோர் பெருமை பேசுவதோடு அமையாது, அப்பெருமைக்கு உரியவராக நம்மை ஆக்கிக்கொள்ளும் வழி இதுவே.