எஃப்.ஏ. ஃபெயில், ஆனால் கேம்பிரிட்ஜ் பி.ஏ.: ஆய்வு மூலமே பட்டம் பெற்ற ராமானுஜன்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் கல்லூரித் தேர்வு எதிலும் பாஸ் ஆகவில்லை என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அவரிடம் ஒரு பட்டம் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. தேர்வெழுதி வாங்கிய பட்டம் இல்லை அது, ஆராய்ச்சிக்காகவே கொடுக்கப்பட்டது. எப்படிக் கிடைத்தது?

கணக்கு மட்டும் வந்தால் போதாதா?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், வளர்ந்தது கும்பகோணத்தில். பள்ளியில் முதல் மாணவர். 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். இன்றைய பிளஸ் 2-க்கு இணையான படிப்பு அது. ஆனால், கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போனது. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான். கணிதத்தில் தேறினாலும் மற்ற பாடங்களில் ஃபெயில். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பாஸ் என்பது அன்றைய விதி. பட்டப்படிப்பின் கதவு அத்தோடு மூடியது.

விழுப்புரத்தில் மாறிய ரயில்

1909-ல் திருமணம். கையில் வேலை இல்லை. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள்தான். 1910-ல் அவற்றை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ரயில் ஏறினார். விழுப்புரத்தில் இறங்கி, வேறு ரயில் மாறி திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர்.

ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை, அவ்வளவுதான். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரைத் தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய் முடக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, சென்னையில் இருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் அதே ரயில் பாதைதான் ராமானுஜனின் அடுத்த கட்டம். சேஷு ஐயர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் கணிதவியல் கழகத்தின் இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலையும் கிடைத்தது.

விதியைத் தளர்த்திய பல்கலைக்கழகம்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் நிலைமையை மாற்றியது. எஃப்.ஏ. கூட முடிக்காத அவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. வழக்கமான தகுதி எதுவும் அவரிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வு அவரை வெளியே தள்ளியதோ, அதே பல்கலைக்கழகம்தான் இப்போது உள்ளே சேர்த்துக்கொண்டது.

பட்டம் வாங்கித் தந்த எண்கள்

1914-ல் இங்கிலாந்து போன ராமானுஜனை, சேர்க்கைத் தகுதி இல்லாத நிலையிலும் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அங்கே பிஎச்.டி. பட்டம் கிடையாது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் பி.ஏ.தான்.

அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு 'மிகு பகு எண்கள்'. விஷயம் எளிதானது. 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் அது மீதியின்றி வகுபடும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. 24-க்கு எட்டு, 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதே ஆய்வு. இந்தக் கட்டுரை 1915-ல் லண்டன் கணிதவியல் கழக வெளியீட்டில் வந்தது. 1916 மார்ச்சில் பட்டம் கிடைத்தது.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. உடல்நலம் கெட்டு 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32.

இன்றைக்கு என்ன நிலைமை?

இளநிலையிலேயே ஆராய்ச்சி என்பது இப்போது மீண்டும் பேசப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டத் திட்டத்தில், நான்காம் ஆண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் ஹானர்ஸ் பிரிவு இருக்கிறது. அதில் சேர முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் ராமானுஜனுக்கே இடம் கிடைத்திருக்காது.

எல்லோரும் ராமானுஜன் இல்லை, மதிப்பெண் வரம்பும் தேவைதான். ஆனால், ஒரே பாடத்தில் மூழ்கிப்போய் மற்றவற்றில் பின்தங்கும் மாணவர்கள் விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளிலும் இருக்கக்கூடும். அவர்களின் நோட்டைப் பிரித்துப் பார்க்க ஒரு ஆசிரியர், தேவைப்பட்டால் விதியைத் தளர்த்த ஒரு வழி. ராமானுஜனுக்கு இந்த இரண்டும் கிடைத்தன.