ஸந்த் ஞானேஸ்வரர்: கசப்பைக் கடந்த ஞானம்

சமயத்தையே வெறுப்பதாகக் கூறும் ஒருவரிடம் சற்றுப் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், அந்த வெறுப்பின் அடியில் பெரும்பாலும் ஒரு மனிதர் நிற்பதைக் காணலாம். சந்நிதியில் அவமதித்த ஓர் அர்ச்சகர், துக்க வீட்டிலும் தட்சிணைக்குப் பேரம் பேசிய ஒரு புரோகிதர், சொல் ஒன்றும் செயல் வேறுமாக வாழ்ந்த ஒரு துறவி என்று யாரோ ஒருவர் அங்கே இருப்பார். அவர் தந்த காயம் உண்மையானது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த மனிதரின் கடனை நாம் தர்மத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. அதைச் செய்து காட்டிய ஓர் இளைஞரின் வாழ்வு மகாராஷ்டிரத்தில் நிகழ்ந்தது. அவரே ஸந்த் ஞானேஸ்வரர்.

பெற்றோர் பட்ட துயரம்

ஞானேஸ்வரரின் தந்தை விட்டலபந்த், கோதாவரிக் கரையிலுள்ள ஆபேகாவைச் சேர்ந்தவர். இயல்பிலேயே வைராக்கியம் மிக்கவர். புனே நகருக்கு அருகே, இந்திராயணி நதிக்கரையிலுள்ள ஆளந்தியில் ருக்மிணிபாயை மணந்தார். பின்னர் காசிக்குச் சென்று, தமக்கு மனைவி இருப்பதை மறைத்துச் சந்நியாசம் பெற்றார். அவரது குரு தீர்த்த யாத்திரையாக ஆளந்திக்கு வந்தபோது, தம்மை வணங்கிய ருக்மிணிபாய்க்கு மக்கட்பேறு வாய்க்குமாறு ஆசி வழங்கினார். கணவர் துறவியாகிவிட்ட செய்தியை அவர் கூறக் கேட்டதும் குருவுக்கு உண்மை விளங்கிற்று. இல்லறத்திற்குத் திரும்புமாறு சீடருக்கு ஆணையிட்டார். விட்டலபந்த் பணிந்தார்.

அவர்களுக்கு நிவிருத்தி, ஞானதேவர், சோபானர், முக்தாபாய் என்று நான்கு குழந்தைகள் பிறந்தனர். ஞானதேவர் பிறந்த ஆண்டு 1275 என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. துறவறத்திலிருந்து திரும்பியவரை ஊர்ப் பண்டிதர்கள் ஏற்கவில்லை. குடும்பம் விலக்கி வைக்கப்பட்டது. சந்நியாசியின் பிள்ளைகள் என்னும் ஏளனச் சொல் அக்குழந்தைகளைத் தொடர்ந்தது. பிள்ளைகளுக்கு உபநயனம் நடைபெற வேண்டும் என்று மன்றாடிய தந்தையிடம், உயிரை விடுவதைத் தவிர இதற்கு வேறு பிராயச்சித்தம் இல்லை என்று பண்டிதர்கள் கூறினர். விட்டலபந்தும் ருக்மிணிபாயும் அதை ஏற்றுப் புனித நதியில் தம் உயிரை விட்டனர் என்பது மரபு. நான்கு சிறுவர்கள் அநாதைகளாக நின்றனர். பிச்சை எடுத்து உண்டனர்.

சற்றே எண்ணிப் பார்ப்போம். சாஸ்திரத்தின் பெயராலேயே தாய்தந்தையரை இழந்த பிள்ளைகள் அவர்கள். சாஸ்திரம் என்ற சொல்லையே அவர்கள் வெறுத்திருந்தால் யார்தான் குறை கூற முடியும்?

பைடணில் ஒரு சான்றிதழ்

இதற்கு முன்பே, திரியம்பகேஸ்வரத்தில் வழி தவறி ஒரு குகைக்குள் நுழைந்த நிவிருத்தி, நாத சம்பிரதாயத்தைச் சேர்ந்த கஹினிநாதரிடம் உபதேசம் பெற்றிருந்தார். அவரே பின்னர் தம்பி ஞானதேவருக்குக் குருவானார். சமயத்தின் பெயரால் ஒரு கதவு மூடப்பட்ட அதே வாழ்வில், அதே சமயத்தின் இன்னொரு கதவு இவ்வாறு திறந்தது.

சமூகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டுமானால் பைடணின் பண்டிதர் சபையிடம் தூய்மைச் சான்று பெற்று வர வேண்டும் என்று ஊரார் கூறினர். எந்தப் பிழையும் செய்யாத அந்தப் பிள்ளைகள் அதற்காக நடந்தே சென்றனர். எல்லா உயிரிலும் உறைவது ஒரே ஆன்மா என்று ஞானதேவர் அங்கே கூறினார். அருகில் வந்த எருமையைக் காட்டி, அதற்கும் அந்த ஆன்மா உண்டோ என்று சபையினர் எள்ளி நகையாடினர். ஞானதேவர் அதன் தலையில் கை வைக்க, அது வேதம் ஓதிற்று என்று பக்தர்கள் போற்றிக் கூறுவர். இறுதியில், திருமணமின்றிப் பிரம்மசாரிகளாக வாழ வேண்டும் என்ற நிபந்தனையுடன் சான்றிதழ் கிடைத்தது.

மூடிய தட்டி

ஞானேஸ்வரருக்குக் கோபமே வந்ததில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மரபு அப்படிக் கூறவில்லை. ஒருநாள் வெளியே சென்ற இடத்தில் யாரோ அவரை அவமதித்தார். மனம் நொந்து திரும்பிய அவர், குடிசையின் தட்டியை அடைத்துக்கொண்டு உள்ளே அமர்ந்துவிட்டார். யார் அழைத்தும் திறக்கவில்லை.

அப்போது வாசலில் நின்று பாடியவள் தங்கை முக்தாபாய். அந்தப் பாடல்கள் தாட்டி அபங்கங்கள் என்று இன்றும் மகாராஷ்டிரத்தில் பாடப்படுகின்றன. தாட்டி என்பது நாம் தமிழில் தட்டி என்று வழங்கும் மூங்கில் தடுப்பே. உலகம் நெருப்பாகத் தகித்தாலும் ஞானி நீராகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும், தன் உறுப்பே தன்னைக் காயப்படுத்தினால் எவரும் அதைத் தண்டிப்பதில்லை என்பதும் அப்பாடல்களின் கருத்து. தட்டி திறந்தது.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொறுத்துக்கொள் என்று அண்ணனிடம் கூறும் தகுதி முக்தாபாய்க்கு இருந்தது. ஏனெனில், அதே பெற்றோரை அவளும் இழந்திருந்தாள். அதே ஏளனத்தை அவளும் கேட்டிருந்தாள். காயம் பட்டவரிடம், படாதவர் எளிதாகச் சொல்லும் உபதேசம் அன்று அது.

நெவாசாவில் பிறந்த நூல்

பிரவரா நதிக்கரையிலுள்ள நெவாசாவில், 1290-ஆம் ஆண்டில், பகவத் கீதைக்கு மராட்டியில் விரிவுரை அருளினார் ஞானேஸ்வரர். அப்போது அவருக்கு வயது பதினைந்து. சச்சிதானந்த பாபா அதை எழுதினார். கீதையின் 700 சுலோகங்கள் ஏறத்தாழ 9,000 ஓவிகளாக விரிந்தன. பாவார்த்த தீபிகை என்னும் அந்நூலையே மக்கள் ஞானேஸ்வரி என்று போற்றுகின்றனர். அவர் சாய்ந்து அமர்ந்ததாகக் கூறப்படும் தூண் இன்றும் அங்கே வணங்கப்படுகிறது.

இத்தனை ஓவிகளிலும் தம் பெற்றோருக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிய புலம்பல் இல்லை. அதற்காக அவர் குறையைக் காணாமல் இருந்துவிடவும் இல்லை. பெண்களும் நான்காம் வருணத்தாரும் கேட்க இயலாதபடி மூன்று வருணத்தார் செவிக்கு மட்டுமே கிட்டியதால், செல்வம் மிக்க வேதமே கருமியாகவும் இருந்துவிட்டது என்று உரிமையோடு சுட்டிக்காட்டுகிறார். அக்குறை தீரவே வேதம் கீதையாக வெளிப்பட்டது என்கிறார். தம்மை விலக்கியவர்கள் காத்து வைத்திருந்த அந்தச் செல்வத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அவர்களிடமே விட்டுவிடவும் இல்லை. எல்லோருக்கும் விளங்கும் மொழியில் வாரி வழங்கினார்.

நூலின் நிறைவில் அவர் செய்யும் பிரார்த்தனை பசாயதான் எனப்படும். தீயவர் அழிய வேண்டும் என்று அவர் அதில் வேண்டவில்லை. தீயவரிடமிருந்து தீமை நீங்க வேண்டும், அவர்களுக்கு நற்செயலில் நாட்டம் வளர வேண்டும், உயிர்களிடையே நட்பு மலர வேண்டும் என்றே வேண்டினார். சமயத்தையும் சமயவாதியையும் பிரித்துக் கண்டவர், மனிதரையும் அவருடைய குற்றத்தையும் பிரித்துக் காணும் இன்னொரு படிக்கும் ஏறிவிட்டார்.

பகைவர் பணிந்தார்

இந்தப் பிரார்த்தனை வீண் போகவில்லை என்பதற்கு விஸோபாவின் கதையைச் சான்றாகக் கூறுவர். ஆளந்தியில் இவர்களை மிகவும் துன்புறுத்தியவர் அவர். முக்தாபாய் பலகாரம் சுடுவதற்குச் சட்டி கிடைக்காதபடி குயவர்களைத் தடுத்தார் என்றும், ஞானேஸ்வரர் யோக அக்கினியால் தம் முதுகையே சூடாக்கிக் கொடுத்தார் என்றும், அதைக் கண்ட விஸோபா மனம் திரும்பினார் என்றும் மரபு கூறுகிறது. அந்த விஸோபாவே பின்னாளில் நாமதேவருக்குக் குருவானார்.

1296-இல், தமது இருபத்தொன்றாம் வயதில், ஆளந்தியில் ஞானேஸ்வரர் ஜீவ சமாதி அடைந்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. ஏடுகளில் மலிந்துவிட்ட பாடபேதங்களைக் களைந்து, 1584-இல் ஞானேஸ்வரிக்குத் திருத்தமான பதிப்பைத் தந்தார் ஒரு மகான். அவர் ஏகநாதர், அவரது ஊர் பைடண். அச்சிறுவர்கள் சான்றிதழ் கேட்டு நின்ற அதே ஊர். இன்றும் ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை லட்சக்கணக்கான மக்கள் நடந்து செல்கின்றனர்.

இந்த வாழ்வு இரு சாராருக்கும் பாடம் கூறுகிறது. காவி உடுத்தியவர்களும், கோயில் பணியில் இருப்பவர்களும், சாஸ்திரம் கற்றவர்களும் ஆளந்திப் பண்டிதர்களை மறக்கலாகாது. நம்மால் ஒருவர் மனம் நொந்தால், அவர் நம்மோடு சேர்த்து இறைவனையும் விட்டு விலகக்கூடும். அந்தப் பொறுப்பு நம்முடையது. சமயவாதிகளால் காயமுற்றவர்களோ, தட்டியை அடைத்துக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்திருக்கலாம், ஞானேஸ்வரரும் அமர்ந்திருந்தார். ஆனால் உள்ளேயே தங்கிவிட வேண்டாம். நம்மைத் துரத்தியவர் ஆற்றங்கரையில் நின்ற ஒரு காவலர் மட்டுமே. ஆறு அவருக்குச் சொந்தமன்று. தாகத்தோடு வரும் எவருக்கும் அது நீர் தரும்.