காப்புரிமை வேண்டாம் என்ற விஞ்ஞானி

சுங்கச்சாவடியைக் கடக்கும்போது, கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'பாஸ்டேக்' வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. மருந்துப் பெட்டி சூடாகிவிட்டதா என்று சொல்ல, வெப்பநிலையை அளக்கும் வில்லைகளும் வந்துவிட்டன.

இதுபோன்ற கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்குவார்கள். காப்புரிமை பெற்றவரின் அனுமதி இல்லாமல், குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் அதைத் தயாரித்து விற்க முடியாது. இதற்காக நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போவதும் உண்டு. ஆனால், ரேடியோ அலை ஆராய்ச்சி தொடங்கிய காலத்திலேயே, காப்புரிமை வேண்டாம் என்று சொன்னார் ஓர் இந்தியர். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்!

வங்காளத்தில், 1858ம் ஆண்டு நவம்பர் 30ம் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயப் பேராசிரியர்களை விடக் குறைந்த சம்பளமே அவருக்குத் தரப்பட்டது. அதை ஏற்காமல், மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு பணிந்தது. முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு தந்தது.

நல்ல ஆய்வுக்கூடம் இல்லாமலேயே கருவிகளைச் செய்தார் போஸ். 1895ல் கல்கத்தாவில் ஒரு செயல்விளக்கம் காட்டினார். அவர் அனுப்பிய ரேடியோ அலை சுவரைத் தாண்டிப் போய், மணியை அடித்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது. கம்பியே இல்லை. கூட்டம் வியந்தது.

1901ல் அவர் லண்டனில் இருந்தபோது, தந்தி நிறுவன முதலாளி ஒருவர் தேடி வந்தார். ரகசியத்தை வெளியிடாமல் காப்புரிமை வாங்கினால், லாபத்தில் பங்கு கிடைக்கும் என்று ஆசை காட்டினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவரது கொள்கை. நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி வருந்தினார்.

ஆனால், நண்பர்கள் விடவில்லை. அமெரிக்கத் தோழி சாரா புல் வற்புறுத்தியதால், அதே ஆண்டு விண்ணப்பித்தார். ரேடியோ அலையைக் கண்டறியும் அவரது கருவிக்கு, 1904ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துப் பணம் சம்பாதிக்க அவர் முயலவே இல்லை.

காப்புரிமைகளைப் பெற்று, கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக வளர்த்தவர் இத்தாலியின் மார்க்கோனி. 1909ல் நோபல் பரிசும் அவருக்குப் பகிர்ந்து கிடைத்தது. இருவரும் 1937ல் மறைந்தனர். வழக்குகள் மட்டும் ஓயவில்லை. மார்க்கோனியின் முக்கியமான அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் சில பகுதிகள் செல்லாது என்று, 1943ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெஸ்லா, லாட்ஜ், ஸ்டோன் ஆகியோர் முன்பே செய்த பணிகளை அது சுட்டிக்காட்டியது.

போஸ் தன் கொள்கையை விடவில்லை. 1917ல், தன் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அதன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுக்கப்படாது என்றும் அறிவித்தார்.

உழைத்துக் கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பதும் நியாயம்தான். அறிவு எல்லோருக்கும் சேர வேண்டும் என்பதும் நியாயம்தான். நீங்கள் ஒரு கருவியைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்? யோசித்துப் பாருங்கள்!